கருநீலச் சுவர்களுக்குள் எங்கள் அம்மாக்கள்: முதியோர் இல்ல நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

ஐப்பசி மழை விட்டதும் இல்லத்தின் உள்பக்கம் முழுவதற்கும் புது வண்ணம் அடித்தீர்கள். நன்கொடை தந்த நிறுவனத்தின் நிறம் என்பதால் அறை, நடை, சாப்பாட்டு ஹால், கதவு, நிலை எல்லாவற்றுக்கும் ஒரே கருநீல எனாமல், அதாவது மினுங்கும் எண்ணெய்ப் பெயிண்ட். கழிப்பறைகளில் தரை, சுவர், கோப்பை, கைப்பிடி எல்லாமே வெள்ளை. அம்மாவின் கழிப்பறைக் கைப்பிடியில் அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை உரித்து எடுக்கச் சொன்னீர்கள். நேரில் வந்து பேசினேன், கடிதமும் கொடுத்தேன். "நீலம் மனசுக்கு அமைதி தரும், ஆராய்ச்சியே அப்படித்தான் சொல்லுது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன். இல்லத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. குமரி மாவட்டத்தில் இப்படி இன்னும் சில இடங்கள் இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும்.

நான் பெயிண்ட் கடை நடத்துகிறவள். டின்டிங் மெஷினில் ஷேடு கலந்து கொடுப்பது என் அன்றாட வேலை. எந்த நிறம் எந்த அறையில் என்ன செய்யும் என்பதை, வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் குறைகளிலிருந்தும் பாராட்டுகளிலிருந்தும் கற்றுக்கொண்டவள். அம்மாவுக்கு மறதி நோய் வந்தபிறகு அது பற்றித் தேடிப் படிக்கவும் ஆரம்பித்தேன். ஆகவே நான் சொல்வதில் பாதி கடை அனுபவம், பாதி படிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா.

வயதான கண் எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது, கண் பாப்பாவும் சிறுத்துப்போகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குக் கிடைக்கிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குக் கிடைக்கும். அந்த மஞ்சள் லென்ஸ் முதலில் தடுப்பது நீல ஒளியைத்தான். கட்டன் சாயா, அதாவது பால் விடாத தேநீர், நிறைந்த கிளாஸ் வழியாகச் சுவரைப் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நின்று ரசித்த அந்தக் கருநீலம், 80 வயதைத் தாண்டிய ஒருவருக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. புரை இருக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். உங்கள் இல்லத்தில் புரை இல்லாத கண் எத்தனை இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லம் இருக்கிற இடத்தையும் யோசியுங்கள். சன்னலை ஒட்டியே ரப்பர் மரங்கள். வெயில் காலத்திலேயே மதியம் சாய்ந்தால் அறைக்குள் லைட் போட வேண்டியிருக்கிறது. ஆனி, ஆடிச் சாரலில் கேட்கவே வேண்டாம், பகல் முழுக்க அந்திதான். கன்னியாகுமரியிலோ முட்டத்திலோ கடலுக்கு முன்னால், வெயில் கண்ணைக் குத்தும் ஒரு அறையில் இதே நீலத்தை ஒரு சுவருக்கு அடித்தால் குளிர்ச்சியாக இருக்கும். நானே அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ரப்பர் நிழலுக்குள் நாலு சுவருக்கும் அடித்தால் அது குகை. ஷேடு கார்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. மேலே விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பித் தருகிறது என்பதன் அளவு அது. நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல் இருக்கும். நீங்கள் அடித்திருக்கிற மாதிரிக் கருநீலத்துக்கு 10கூட வராது. லைட்டுக்குக் கட்டும் கரண்ட் பில்லில் பெரும்பங்கை அந்தச் சுவரே விழுங்கிக்கொண்டிருக்கிறது.

இனி அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய நாட்களில் அந்த நடையில் ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, மிச்சம் இருந்த பெயிண்டை அப்போதைக்கப்போது அடித்ததால் அப்படி. அம்மாவுக்கு அறை எண் நினைவில் நிற்காது, என் பெயர்கூடச் சில நாள் நிற்காது. ஆனால் பச்சைக் கதவு தன்னுடையது என்று தெரியும். திருவட்டாறு பக்கம் இருந்த எங்கள் ஓட்டு வீட்டுக்கும் பச்சைக் கதவு. சாப்பிட்டு முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, பச்சைக் கதவைத் தள்ளி, தன் கட்டிலில் போய் உட்கார்ந்துவிடுவார். இப்போது அந்த நடையில் கதவு எது, சுவர் எது என்று எனக்கே சட்டென்று தெரிவதில்லை. அம்மா ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறார். யாராவது வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் உண்டு. ஒருநாள் வேறொருவர் அறைக்குள் போய் அவர் கட்டிலில் படுத்துவிட்டாராம், அந்த அம்மாள் கத்த, இவர் அழ, பெரிய ரகளை ஆகிவிட்டது. "இப்பல்லாம் அம்மைக்குக் கோவம் கூடிப்போச்சு" என்று எனக்குச் சொன்னார்கள்.

ஒவ்வொரு அறை வாசலிலும் கருநீலக் கால்மிதி ஒன்று போட்டிருக்கிறீர்கள். அம்மா அதன் முன்னால் வந்து நின்றுவிடுகிறார். போன முறை நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் விரலால் அந்தக் கால்மிதியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், உடனே காலை இழுத்துக்கொண்டார். "மோளே, இதுல கெணறு கெடக்கு. சாடினா விழுந்திருவேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னதில்லை, கை நடுங்கியது. மறதி நோய் உள்ளவர்களுக்கு வெளிர்நிறத் தரையில் கிடக்கும் கரும் விரிப்பு பள்ளமாகத் தெரிவதும், பளபளக்கும் டைல்ஸ் தண்ணீர் கிடப்பதுபோலத் தெரிவதும் இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பயந்து நிற்கிறவரை "வாங்கம்மா, ஒண்ணுமில்ல" என்று இழுத்தால் விழத்தான் செய்வார்.

கழிப்பறைதான் எல்லாவற்றையும்விட என்னை வருத்துகிறது. வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோப்பை, வெள்ளை மூடி, வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி. உட்காரும் இடம் எங்கே தொடங்குகிறது என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அக்கா சொந்தமாக யோசித்து, கரண்டு வேலைக்காரர்கள் சுற்றும் சிவப்பு டேப்பைக் கைப்பிடியில் வரிவரியாகச் சுற்றினார், மூடியின் விளிம்பிலும் ஒட்டினார். அம்மா உள்ளே போனதும் நேராக அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரப்பர் வெட்டிப் பிழைத்த கை அது, பிடி கிடைத்தால் விடாது. டேப்பை எடுத்தபிறகு கோப்பைக்கு முன்னாலேயே நின்று தரையில் போய்விடுகிறார். இப்போது டயப்பர் கட்டியிருக்கிறார்கள். நோய் முற்றிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அந்த வாரம் நோயில் ஒன்றும் மாறவில்லை, மாறியது கைப்பிடியின் நிறம் மட்டும்தான். ஒரு டேப் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது டயப்பர். தன்மானத்தோடு வாழ்ந்த ஒரு மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, தினமும் அவருக்குத் துணி மாற்றுகிற அக்காவுக்குத் தெரியும்.

சரி, நீங்கள் சொன்ன ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

நிறத்துக்கும் மனதுக்கும் தொடர்பு உண்டு. அதை மறுக்கிற ஆள் நான் இல்லை, என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் "நீலம் அமைதி, சிவப்பு கோபம், மஞ்சள் சந்தோஷம்" என்று வாய்ப்பாடுபோல ஒப்பிப்பதற்கு ஆதாரம் மெலிவு. 1979இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு ஒருவகை இளஞ்சிவப்பு அடித்துப் பார்த்தார்கள். அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனை அது. கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்தது என்று செய்தி பரவியது, பல ஊர்ச் சிறைகள் அந்த நிறத்துக்கு மாறின. பிற்பாடு முறையாகச் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் இளஞ்சிவப்பு அறையையும் சாதாரண அறையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் கைதிகளின் நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. 1994இல் வால்டஸ், மெஹ்ராபியன் இருவரும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மனிதரின் உணர்ச்சியைப் பெரிதும் அசைப்பது நிறத்தின் வெளிர்ப்பும் அடர்த்தியும்தான். நீலமா பச்சையா என்பதன் பங்கு அவற்றைவிடக் குறைவு. கடையில் நான் பார்த்ததும் அதுவே. வெளிர்நீலம் அடித்தவர்கள் திருப்தியாகச் சொல்வார்கள். கருநீலத்தைப் படுக்கையறை முழுக்க அடித்தவர்கள் அடுத்த பண்டிகைக்குள் அதை மறைக்க ஒயிட் பிரைமர் கேட்டு வந்து நிற்பார்கள்.

உங்கள் இல்லத்துக்கு இன்னும் நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. அமெரிக்காவில், அல்சைமர் என்ற மறதி நோய் முற்றிய 9 பேருக்கு வழக்கமான வெள்ளைத் தட்டு, தம்ளருக்குப் பதிலாக நல்ல சிவப்புத் தட்டும் தம்ளரும் வைத்துக் கொடுத்தார்கள். உணவு 25 சதவீதமும் நீராகாரம் 84 சதவீதமும் கூடியது. சிவப்புக்கு ஏதோ மந்திரசக்தி என்று யாரும் நினைக்க இடம் வைக்காமல், ஒரு வருடம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். அடர்நீலத் தட்டும் பலன் கொடுத்தது. வெளிறிப்போன சிவப்பும் வெளிறிய நீலமும் கொடுக்கவில்லை. ஆக, தட்டு எந்த நிறம் என்பது விஷயமே இல்லை, உணவிலிருந்து தட்டும் மேசையிலிருந்து தட்டும் பிரிந்து தெரிகிறதா என்பதுதான் விஷயம். 9 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், தெரியும். ஆனால் உங்கள் ஹாலில் வெள்ளை மேசைமேல் வெள்ளை மெலமைன் தட்டில் தயிர்ச்சோறு வைக்கிறீர்கள். அம்மா தட்டின் நடுவில் இருக்கும் ஊறுகாயை மட்டும் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். வாழையிலையில் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வைத்தேன். சோற்றைப் பிசைந்து முக்கால்வாசி சாப்பிட்டார்.

நம் ஊர் பழைய வீடுகள் இதை எப்போதோ செய்து வைத்திருக்கின்றன. சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவர், சிவப்புக் காவித் தரை, பலாவிலோ அயனியிலோ செய்து எண்ணெய் பூசிய கருத்த நிலையும் கதவும். சுவர் எங்கே முடிந்து தரை தொடங்குகிறது, வாசல் எங்கே இருக்கிறது என்பது அரைக்கண் தெரிகிறவருக்கும் பிடிபடும். என் பாட்டி கண் மங்கியபிறகும் அந்த வீட்டுக்குள் யார் துணையும் இல்லாமல் நடந்தார். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து கிடக்கவில்லை. சுண்ணாம்பு மினுங்காது என்பதும் பெரிய நன்மை. நீங்கள் அடித்திருக்கிற எனாமலில் ஒவ்வொரு டியூப்லைட்டும் கோடாகப் பிரதிபலிக்கிறது, நடந்து போகிற ஆளின் நிழலும் சுவரில் கூடவே நகர்கிறது. ராத்திரியில் யாரோ சுவருக்குள் நிற்கிறார்கள் என்று ஒரு தாத்தா பயப்படுகிறார் என்றால், அவருக்கு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் அந்தச் சுவரை ராத்திரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வெளிச்சத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுவர் இருண்டதும், அதை ஈடுகட்ட எல்லா இடத்திலும் 6500 கெல்வின், அதாவது நீலம் தூக்கலான வெள்ளை எல்.இ.டி. மாட்டியிருக்கிறீர்கள். படுக்கப்போகிற நேரம்வரை அது எரிகிறது. உறக்கத்தைக் கொண்டுவருகிற மெலடோனின் சுரப்பைத் தடுப்பது வெளிச்சத்தில் இருக்கும் நீலப்பகுதிதான். பகலில் அந்த வெளிச்சம் நல்லது, நிறையவே வேண்டும். ராத்திரியில் கெடுதல். மறதி நோய் உள்ள பலருக்கு அந்தி சாயும்போதுதான் தவிப்பு கூடும். அம்மாவும் விளக்கு வைக்கிற நேரமானால் "இது ஆருக்க வீடு? எனக்க வீட்டுக்குக் கொண்டு விடு மக்கா" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். இப்போது அது பாதி ராத்திரிவரை நீள்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களே சொல்கிறார்கள். அப்புறம், அடர்நிறச் சுவர் தன் நிறத்தைப் பக்கத்தில் இருக்கும் முகத்தின்மேலும் வீசும். அங்கே எல்லோர் முகமும் நீலம் பாய்ந்து, வெளிறித் தெரிகிறது. ரத்தசோகை, காமாலை என்று தோலின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற நர்ஸுக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்று அவரிடமே கேளுங்கள்.

நீங்கள் சொன்ன மற்றக் காரணங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. எனாமல் என்றால் துடைக்க எளிது என்றீர்கள். துடைக்கக்கூடிய, பூஞ்சை பிடிக்காத, மினுங்காத எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட்) இப்போது எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு மழையும் கொட்டுகிறதே என்பதற்கும் அதுவே பதில். நன்கொடையாளரின் மனம் நோகும் என்றீர்கள். வாசலில் கல்வெட்டு வையுங்கள், வெளிச்சுவர் முழுக்க அவர்கள் நிறத்தையே அடியுங்கள், யாரும் குறுக்கே நிற்கவில்லை. உள்ளே வாழ்கிறவர்களின் கண்ணுக்கு எது வேண்டும் என்பதைக் கொடுப்பவரின் விளம்பரம் தீர்மானிக்கக் கூடாது. இது என் சொந்த ஆசை மட்டுமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. எல்லோருக்கும் அணுகத்தக்க கட்டடங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் 2021இல் வந்தன. கைப்பிடி, கதவு போன்றவை பின்னணியிலிருந்து நிறத்தால் பிரிந்து தெரிய வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பிரிட்டனில் சுவருக்கும் கதவுக்கும் இடையே எல்.ஆர்.வி. வித்தியாசம் 30 இருக்க வேண்டும் என்று அளவே வைத்திருக்கிறார்கள். உங்கள் நடையில் அந்த வித்தியாசம் பூஜ்யம்.

என் கோரிக்கைகள் இவை.

இன்றைக்கே செய்யக்கூடியது முதலில். கழிப்பறைக் கைப்பிடிகளிலும் கோப்பை மூடிகளிலும் சிவப்பு டேப்பைத் திரும்ப ஒட்ட அனுமதி கொடுங்கள். அதை முதலில் செய்த அக்காவை, தவறு செய்தவரைப்போல நடத்தியதற்கு எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாசல்களில் கிடக்கும் கருநீலக் கால்மிதிகளை எடுத்துவிட்டு, தரையின் நிறத்தை ஒத்தவற்றைப் போடுங்கள். சாப்பாட்டுக்கு நிறமுள்ள தட்டு வாங்கும்வரை வாழையிலை போதும், இல்லத்துக்குப் பின்னாலேயே வாழை நிற்கிறது.

ஒரு மாதத்துக்குள், கதவுகளுக்கு வேறுவேறு நிறம் அடியுங்கள். அந்தந்த அறையில் இருப்பவரிடமோ அவர் வீட்டாரிடமோ அவர் வாழ்ந்த வீட்டின் கதவு என்ன நிறம் என்று கேட்டு அடியுங்கள். எங்கள் அம்மாவுக்குப் பச்சை. கழிப்பறைக் கதவுகள் எல்லாம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற ஒரே நிறத்தில் இருக்கட்டும், அந்த நிறம் வேறு கதவுக்கு வேண்டாம். மஞ்சள் நல்லது, மங்கிய கண்ணுக்கும் தெரியும். படுக்கையறைகளில் மாலை 6 மணிக்குமேல் எரிய 3000 கெல்வினுக்கு மிகாத மஞ்சள் வெளிச்ச பல்புகளை மாட்டுங்கள்.

அடுத்த ஆனிச் சாரலுக்கு முன்னால் உட்சுவர்களை மாற்றுங்கள். மினுங்காத, வெளிர்நிற எமல்ஷன், எல்.ஆர்.வி. 60க்குக் குறையாமல். தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு அடர்நிறப் பட்டை. மொத்தமாக அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு அறையில் மாதிரி அடித்து, அங்கே இருப்பவர்கள் எப்படி நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், உறங்குகிறார்கள் என்று வேலை செய்கிறவர்களை வைத்துக் கவனியுங்கள். அந்த மாதிரி அறைக்கு வேண்டிய பெயிண்ட், பட்டி, பிரைமர் எல்லாவற்றையும் நான் தருகிறேன், காசு வேண்டாம். முழு வேலைக்கான பெயிண்டை என் கடையில் வாங்கக் கூடாது என்பதையும் கோரிக்கையாகவே வைக்கிறேன். நான் வியாபாரத்துக்காகப் பேசுகிறேன் என்று ஒருவரும் சொல்ல இடமிருக்கக் கூடாது.

இனிமேல் நிறம், லைட், தரை பற்றி எந்த முடிவு எடுத்தாலும், அங்கே வேலை செய்யும் அக்காமாரில் இருவரையும், தங்கியிருப்பவர்களில் பேச முடிகிறவர்களையும், குடும்பத்தார் ஒருவரையும் கூட்டத்தில் உட்கார வைத்து முடிவெடுங்கள். இந்த மடலுக்கு உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். இல்லத்தின் அறிவிப்புப் பலகையிலும் அதை ஒட்டுங்கள், மற்றக் குடும்பத்தாரும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு தாயின் மகள்